ஒரே சீனம், இரண்டு எழுத்து: சுசோவிலும் ஷின்சூவிலும் கற்றவை

ஸ்ரீபெரும்புதூர் மின்னணுத் தொழிற்சாலைகளிலும் செய்யாற்றுக் காலணித் தொழிற்சாலைகளிலும் வேலை பார்க்கும் தம்பி தங்கைகள் சிலர் அவ்வப்போது என்னை அழைத்துக் கேட்பது இதைத்தான்: "அண்ணா, சீனம் படிக்கலாம் என்று இருக்கிறோம். எளிய எழுத்தைப் படிப்பதா, மரபு எழுத்தைப் படிப்பதா?" கேள்வியில் நியாயம் இருக்கிறது. மேலாளர் தைவான்காரராக இருப்பார். அவருடன் வந்த பொறியாளர் சீனாவின் ஏதோ ஒரு மாகாணத்தைச் சேர்ந்தவராக இருப்பார். இயந்திரத்தின் கையேடு ஒரு வகை எழுத்திலும், அதன் மேல் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைச் சீட்டு இன்னொரு வகையிலும் இருக்கும். யாரைக் கேட்டாலும் "எளியது சுலபம், மரபு கடினம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்தப் பதிலில் பாதிகூடத் தேறாது.

நான் முதலில் சீனாவின் சுசோ நகரத்தில், மின்னணு உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். கற்றுக்கொண்டது எளிய எழுத்து. பிறகு தைவானின் ஷின்சூ நகரத்துக்கு மாறினேன். அங்கே கண்ட இடமெல்லாம் மரபு எழுத்து. பேச்சு மொழி இரண்டு ஊரிலும் மாண்டரின்தான். உச்சரிப்பில் சில வேறுபாடுகள் உண்டே தவிர, பேசினால் புரிகிறது. பலகையை நிமிர்ந்து பார்க்கும்போதுதான் சிக்கல். உண்மையில் சுசோவிலேயே இது தொடங்கிவிட்டது. சுசோவிலும் பக்கத்து ஊரான குன்ஷானிலும் தைவான் முதலீட்டில் நடக்கும் தொழிற்சாலைகள் ஏராளம். காகிதங்கள் இரண்டு எழுத்திலும் மேசைக்கு வரும்.

எளிய எழுத்து என்பது 1956இல் பெய்ஜிங்கில் சில அதிகாரிகள் உட்கார்ந்து கண்டுபிடித்தது என்று பலர் நினைக்கிறார்கள். எளிமைப்படுத்தும் திட்டத்தைச் சீன அரசு அந்த ஆண்டு ஜனவரியில் வெளியிட்டது உண்மை. 1964இல் முழுப் பட்டியல் வந்தது. ஆனால் அந்த வடிவங்களில் நிறைய, கணக்கர்களும் கடைக்காரர்களும் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அவசரத்தில் எழுதிவந்தவை. 'புத்தகம்', 'கிழக்கு', 'வண்டி' ஆகியவற்றின் எளிய வடிவங்கள், பழைய ஓட்டெழுத்தை அச்சுக்கு ஏற்றவாறு நேராக்கியவை. 'மேகம்' இன்னும் வேடிக்கை. மரபு எழுத்தில் அதன் தலைமேல் 'மழை' என்ற உறுப்பு உட்கார்ந்திருக்கும். எளிய எழுத்தில் அது இல்லை. பார்த்தால் வெட்டிவிட்டதுபோல் தோன்றும். மழை இல்லாத அந்த வடிவமே மூத்தது, மழை பின்னால் வந்து சேர்ந்தது.

அரசியலிலும் ஒரு முரண் இருக்கிறது. 1935இல் 324 எளிய எழுத்துகளின் பட்டியலை முதலில் வெளியிட்டது நான்கிங்கில் இருந்த தேசியவாத அரசு. எதிர்ப்பு கிளம்பியது, அடுத்த ஆண்டே திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த அரசுதான் 1949க்குப் பிறகு தைவானில் இருந்துகொண்டு மரபு எழுத்தின் காவலனாக நின்றது. பெய்ஜிங்கும் எல்லாவற்றிலும் வெற்றி பெறவில்லை. 1977இல் இன்னும் சுருக்கிய இரண்டாவது பட்டியலைக் கொண்டுவந்தது, மக்களுக்குப் பிடிக்கவில்லை, 1986இல் அதைக் கைவிட்டது. சிங்கப்பூர் 1969இல் 502 எழுத்துகள் கொண்ட தன் சொந்தப் பட்டியலோடு தொடங்கி, 1976இல் முழுதும் சீனாவின் வழிக்கு வந்தது. மலேசியா 1981இல் சேர்ந்துகொண்டது. ஹாங்காங், மக்காவ், தைவான் மூன்றும் மரபிலேயே நிற்கின்றன. எழுத்தறிவைப் பரப்ப எளிமை தேவைப்பட்டது என்பது அன்றைய வாதம். தைவானிலும் ஹாங்காங்கிலும் மரபு எழுத்தோடேயே ஊர் முழுக்கப் படிக்கிறது என்பதைப் பார்த்தபின், கோடுகளைவிடப் பள்ளிக்கூடங்களே முக்கியம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இனி ஒரு எழுத்திலிருந்து இன்னொன்றுக்கு எப்படித் தாவுவது என்பதற்கு வருகிறேன். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட எழுத்துகள் மாறியிருக்கின்றன என்று கேட்டால் மலைப்பாக இருக்கும். 1986இல் மறுபதிப்பான பட்டியலில் இருப்பவை 2,235. ஆனால் அந்தப் பட்டியலைப் பிரித்துப் பார்த்தால் பயம் போய்விடும். அதில் மூன்று அட்டவணைகள். முதலாவதில் 350 எழுத்துகள். இவை தனித்தனியாக மாறியவை, தனித்தனியாகத்தான் படிக்க வேண்டும். இரண்டாவதில் 132 எழுத்துகளும் 14 உறுப்புகளும். இவை வேறு எழுத்துகளுக்குள் பாகமாக வருபவை. மூன்றாவதில் 1,753. அந்த 1,753இல் புதிதாக எதுவும் இல்லை. இரண்டாவது அட்டவணையின் மாற்றம் அப்படியே உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். 'குதிரை' பத்துக் கோட்டிலிருந்து மூன்றாகச் சுருங்கினால், குதிரையை உள்ளே வைத்திருக்கும் 'அம்மா'வும் 'திட்டுதல்' என்பதும் கேள்விச் சொல்லான 'மா'வும் கூடவே சுருங்குகின்றன. இடப்பக்கம் நிற்கும் 'பேச்சு' உறுப்பு ஏழு கோட்டிலிருந்து இரண்டாகிறது. அதை வைத்திருக்கும் 'மொழி', 'படித்தல்', 'அனுமதி' எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிடும். 'உலோகம்', 'பட்டு நூல்', 'உணவு', 'கதவு', 'மீன்', 'பறவை', 'வண்டி' என்று இந்த வரிசையை முதலில் முடித்துவிடுங்கள். நான் ஷின்சூ போனதும் செய்த முதல் வேலை இதுதான். ஒவ்வொரு சொல்லாக ஒப்பிட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் எனக்குப் பின்னால் இருந்தார்கள். அவர்கள் சோம்பேறிகள் அல்ல. பட்டியலுக்கு ஒரு அமைப்பு இருக்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

மீதி 350இல் கண் பழகினாலே பாதி வந்துவிடும். உதாரணத்துக்கு எங்களுக்கு மிக வேண்டிய எழுத்து: 'தொழிற்சாலை', 'சாங்' என்று படிக்க வேண்டும். சுசோ வாயில்களில் அது இரண்டே கோடு. மேலே ஒரு படுக்கைக் கோடு, அதன் இடது முனையிலிருந்து கீழே வளைந்து இறங்கும் ஒரு கோடு. கூரையும் ஒரு சுவரும் மட்டும் நிற்கும் காலிக் கொட்டகை. ஷின்சூவில் அதே எழுத்து பதினைந்து கோடு. கொட்டகைக்குள் 'திறந்தவெளி' என்று பொருள்படும் இன்னொரு எழுத்து முழுதாக உட்கார்ந்திருக்கிறது. அது அங்கே இருப்பது ஒலிக்காக, அதையும் 'சாங்' என்றே படிக்க வேண்டும். மரபு எழுத்து படிப்பவருக்கு உச்சரிப்பைக் காட்டும் குறிப்பு உள்ளேயே கிடைக்கிறது. எளிய எழுத்து படித்தவர் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது. கோடு குறைந்தால் சுலபம் என்று சொல்பவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. எதிர்ப்பக்கமும் உண்டு. சில இடங்களில் பழைய ஒலிக்குறிப்பு இன்றைய உச்சரிப்போடு ஒட்டாமல் போயிருந்தது. எளிய எழுத்து அதை எடுத்துவிட்டுப் பொருத்தமான புதியதை வைத்தது. 'பாதுகாத்தல்', 'பயமுறுத்துதல்' ஆகியவை இப்படிப்பட்டவை.

கண்ணுக்கு எது நல்லது என்ற சண்டையிலும் இதே கதைதான். மின்விசைப் பலகையில் 'திற', 'மூடு' என்ற இரண்டு எழுத்தும் மரபில் கதவுச் சட்டத்துக்குள் இருப்பவை. சிறிய அச்சில், எண்ணெய் படிந்த பலகையில், இரண்டையும் பிரித்தறிய ஒரு நொடி தேவைப்படும். எளிய எழுத்தில் சட்டம் போய்விட்டது. வித்தியாசம் தூரத்திலேயே தெரியும். ஆனால் 'பிள்ளை' என்பதும் 'எத்தனை' என்பதும் எளிய எழுத்தில் ஒரு கோட்டின் தலை சேர்கிறதா இல்லையா என்ற அளவுக்கு நெருங்கிவிட்டன. மரபில் அவை யாருக்கும் குழம்பாது.

இதுவரை சொன்னதெல்லாம் வடிவம் மாறிய கதை. உண்மையான தலைவலி வேறு இடத்தில் இருக்கிறது. நம் தமிழில் 1978இல் ணை, லை, ளை, னை, றா போன்றவற்றின் வடிவம் மாறியது. தும்பிக்கை போல வளைந்த பழைய ஐகாரம் போய்விட்டது. ஆனால் இரண்டு எழுத்துகள் ஒன்றாகவில்லை. ஒன்றுக்குப் பதில் ஒன்று. வேண்டுமென்றால் பழைய வடிவத்துக்கு இயந்திரமே திருப்பிவிடும். சீனத்தில் அப்படி நடக்கவில்லை. பல இடங்களில் இரண்டு மூன்று மரபு எழுத்துகளை ஒரே எளிய எழுத்தில் சேர்த்துவிட்டார்கள். மரபிலிருந்து எளியதற்குப் போவது இறக்கம். எங்கிருந்து வந்தாலும் ஒரே இடத்தில் போய்ச் சேரும். எளியதிலிருந்து மரபுக்குப் போனால் ஒவ்வொரு முச்சந்தியிலும் எந்தத் தெரு என்று கேட்க வேண்டும்.

ஷின்சூவில் ஒரு காலை, புதிதாக வந்து இறங்கிய உலர்த்தும் அடுப்பைச் சுற்றி நான்கைந்து பேர் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். சீனாவிலிருந்து ஒரு நிறுவனம் அனுப்பியது. தைவானுக்குப் போகிறது என்பதால் பெயர்ப் பட்டையை மரபு எழுத்தில் அடித்து ஒட்டியிருந்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் மென்பொருளில் போட்டு மாற்றியதோடு விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. 'உலர்ந்த' என்பதற்கு எளிய எழுத்தில் 'கான்': இரண்டு படுக்கைக் கோடு, நடுவே ஒரு செங்குத்து, மொத்தம் மூன்று கோடு. இந்த ஒரே எழுத்து மரபில் மூன்று எழுத்துகளுக்கு நிற்கிறது. 'உலர்ந்த' என்பது பதினொரு கோட்டு எழுத்து. 'அடிமரம்', 'செய்தல்' என்ற பொருள்களுக்குப் பதின்மூன்று கோட்டு எழுத்து. 'தலையிடுதல்' என்பதற்கு அதே மூன்று கோட்டு எழுத்து. மென்பொருள் பதின்மூன்று கோட்டு எழுத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டது. அது தைவானில் தனியாக நின்றால் அச்சிடத் தகாத வசவு. எவர்சில்வர் கதவின் மேல், பளபளப்பான நீலப் பட்டையில், பெரிய எழுத்தில் முதலாவதாக நின்றது அதுதான். மூத்த தொழில்நுட்பர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் கத்தி முனையால் பட்டையை உரித்தார். பின்னால் ஒட்டியிருந்த பசையைத் துடைத்துவிட்டு, மார்க்கரை எடுத்துச் சரியான பெயரை எழுதிவிட்டு நகர்ந்தார். அடுப்பின் ஆவணங்கள் முழுவதும் என் மேசைக்கு வந்தன.

ஆவணங்களுக்குள் இன்னும் நிறைய இருந்தது. 'முகம்', 'மேற்பரப்பு' என்பதும் 'நூடுல்ஸ்' என்பதும் எளிய எழுத்தில் ஒரே 'மியென்'. மரபில் நூடுல்ஸுக்கு மட்டும் பக்கத்தில் 'கோதுமை' சேரும். அறிக்கையில் "மேற்பரப்பில் கீறல்" என்ற இடமெல்லாம் கோதுமை சேர்ந்து நின்றது. எங்கள் உதிரிபாகங்கள் அனைத்திலும் நூடுல்ஸ். தூய அறைக்குள் நுழைவோருக்கான அறிவிப்பில் "தலைமுடி தொப்பிக்குள் இருக்க வேண்டும்" என்ற வரி. 'முடி'யும் 'வெளியிடுதல்' என்பதும் எளிய எழுத்தில் ஒரே 'ஃபா'. மரபில் இரண்டுக்கும் வேறு எழுத்து. முடி இருக்க வேண்டிய இடத்தில் வெளியீடு இருந்தது. 'தயாரித்தல்' என்பதற்கு மரபில் கீழே 'துணி' உறுப்பு உண்டு, 'கட்டுப்பாடு' என்பதற்குக் கிடையாது. எளிய எழுத்தில் இரண்டும் ஒன்றே. மாற்றியபோது கட்டுப்பாட்டுக்கும் துணி ஒட்டிக்கொண்டது. 'கிலோமீட்டர்' என்பதன் கடைசி எழுத்தும் 'உள்ளே' என்பதும் எளிய எழுத்தில் ஒரே 'லி'. அந்தக் கடைசி எழுத்து 'உள்ளே' என்பதாக மாறியிருந்தது. 'பிறகு' என்பதும் 'அரசி' என்பதும் எளிய எழுத்தில் ஒரே 'ஹோ'. 'பிறகு' என்று வரவேண்டிய சில இடங்களில் மாற்றப்படாமல் 'அரசி' அப்படியே நின்றாள்.

இதற்கு நான் கண்ட வழி மிகச் சாதாரணமானது. ஒன்றாய்ச் சேர்ந்த எழுத்துகளில் தொழிற்சாலைக் காகிதத்தில் அடிக்கடி வருபவை ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். மாற்றிய கோப்பில் அவற்றின் மரபு வடிவத்தைத் தேடு பெட்டியில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எங்கள் ஆவணத்தில் 'நூடுல்ஸ்' எழுத்து வரவே கூடாது; வந்தால் பிழை. 'அரசி' வரவே கூடாது, வந்தால் பிழை. பதின்மூன்று கோட்டு 'கான்' ஏதாவது 'முதுகெலும்பு', 'தண்டு' போன்ற சொல்லோடு சேர்ந்து வந்தால் பரவாயில்லை. தனியாக வந்தால் உடனே பாருங்கள். உணவகப் பட்டியலை மொழிபெயர்ப்பவருக்கு இதே சோதனை தலைகீழாக இருக்கும். முழு ஆவணத்தையும் வரிவரியாகப் படிப்பதைவிட இது வேகமானது. சோர்ந்த கண்ணுக்குத் தப்பிப்போவதும் இதில் மாட்டிக்கொள்ளும்.

மாற்றும் கருவிகளில் எழுத்துக்கு எழுத்து மாற்றுபவை உண்டு. சொல்லையும் தொடரையும் பார்த்து மாற்றுபவை உண்டு. இரண்டாவது வகையே உருப்படி. ஓப்பன்-சிசி என்ற திறமூல மென்பொருள் இந்த வகையைச் சேர்ந்தது. சீன விக்கிப்பீடியாவும் ஒரே கட்டுரையைச் சொற்பட்டியல்களின் உதவியோடு வாசகருக்கு வேண்டிய எழுத்தில் மாற்றிக் காட்டுகிறது. இவை பொதுவான சொற்களில் நன்றாக வேலை செய்கின்றன. அபூர்வமான தொழில்நுட்பச் சொல் வந்தால், தொடர்ப் பட்டியலில் அது இல்லாததால், மறுபடி எழுத்துக்கு எழுத்து மாற்றத்தில் இறங்கிவிடுகின்றன. இறக்கத்திலும் ஒரு குழி உண்டு என்பதைச் சொல்லிவிடுகிறேன்: 'உலர்ந்த' என்ற அந்தப் பதினொரு கோட்டு எழுத்து, சீன அரசர் சியென்லோங்கின் பெயரில் வரும்போது வேறு உச்சரிப்புக் கொண்டது, அங்கே எளிய எழுத்திலும் சுருங்காமல் முழுதாகத்தான் எழுத வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் அரசர் காய்ந்துபோவார்.

மனிதர்களின் பெயர்களைக் கருவியிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். 'ஃபான்' என்ற குடும்பப் பெயர் இரண்டு எழுத்திலும் ஒரே வடிவம். ஆனால் 'நெறிமுறை' என்ற சொல்லில் வரும் 'ஃபான்' மரபில் வேறு எழுத்து. எளியதில் இரண்டும் ஒன்று. ஒரு தர அறிக்கையில் 'நெறிமுறை' பத்து இடத்தில் வரும். கீழே கையெழுத்துப் போட்டவர் திரு. ஃபானாக இருப்பார். கருவி அவரையும் நெறிமுறையாக்கிவிடும். 'யூ' என்ற குடும்பப் பெயருக்கும் இதே விபத்து நேரும். 'ஜோங்' என்ற குடும்பப் பெயரைக் கடிகார மணியாக மாற்றி அனுப்பிய மின்னஞ்சல்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பெயர் தவறினால் அங்கே யாரும் கோபித்துக்கொள்வதில்லை; ஆனால் அடுத்த மின்னஞ்சலில் கையெழுத்துக்குக் கீழே தன் பெயரை இரண்டு அளவு பெரிதாக்கிப் போட்டிருப்பார்கள். பெயரட்டையைப் பார்த்து, அதில் உள்ளபடி தட்டச்சு செய்வதே வழி.

எழுத்து சரியாக மாறினாலும் வேலை முடியவில்லை. இரண்டு கரையிலும் சொற்களே வேறு. மென்பொருள், அச்சுப்பொறி, சுட்டி, தகவல், திட்டம் எல்லாவற்றுக்கும் இங்கே ஒன்று, அங்கே ஒன்று. இவற்றில் பெரும்பாலானவை தொல்லை தருவதில்லை, புரியாவிட்டால் கேட்டுக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் ஒரே சொல்லை வேறு பொருளில் வைத்திருக்கும் இடம்தான் ஆபத்து. என் பிரிவே அதற்குச் சாட்சி. சீனாவில் 'தரம்' என்பது 'ஜிலியாங்'. தைவானில் 'தரம்' என்பது 'பின்ஜி'. அங்கே 'ஜிலியாங்' என்றால் இயற்பியலில் வரும் நிறை. சுசோவில் அடித்த என் பெயரட்டையை ஷின்சூவில் ஒருவர் கையில் வாங்கிப் பார்த்து, "நீங்கள் எடை போடும் பிரிவா?" என்று முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு கேட்டார்.

அதைவிட மோசமானது அட்டவணை. சீனாவில் கிடை வரிசை 'ஹாங்', நெடு வரிசை 'லியே'. தைவானில் கிடை வரிசைதான் 'லியே'. கணிதப் பாடத்தில் 'ஹாங்' என்றால் நெடு வரிசை. எழுத்து இரண்டு பக்கமும் ஒன்றேதான். "மூன்றாவது லியேயில் உள்ள அளவைத் திருத்துக" என்று ஒரு மின்னஞ்சல் வந்தால், அனுப்பியவர் எந்தக் கரை என்று முதலில் பார்க்க வேண்டும். நானே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன்: கட்டத்தின் முகவரியை 'சி7' என்பதுபோல எழுதிவிடுவது. அதில் யாருக்கும் சந்தேகம் வராது. சாப்பாட்டுக் கூடத்தில் சீனாவின் உருளைக்கிழங்கு தைவானில் வேர்க்கடலை ஆவது போன்ற கதைகள் சிரிப்போடு முடிந்துவிடும். அட்டவணையில் அப்படி முடியாது.

சில்லறை விஷயங்கள் சில. தைவானில் அச்சாகும் காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் எழுத்துக் கட்டத்தின் நட்டநடுவில் நிற்கும். சீனாவில் இடது கீழ் மூலையில். மேற்கோள் குறியும் வேறு. தைவானில் மூலைச் சட்டம் போன்ற குறி. எழுத்தெல்லாம் மாற்றிவிட்டு நிறுத்தற்குறிகளை விட்டுவிட்டால், படிப்பவர் முதல் வரியிலேயே இது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்துவிடுவார். எழுத்துருவையும் கவனியுங்கள். சீனாவுக்காகச் செய்த எழுத்துருவில் சில மரபு எழுத்துகள் இருக்காது. அப்போது கணினி வேறு எழுத்துருவிலிருந்து கடன் வாங்கும், ஒரு வரியில் சில எழுத்துகள் மட்டும் தடித்துத் தெரியும். ஒரே குறியீட்டு எண் கொண்ட எழுத்தும் ஊருக்கு ஊர் சிறிது மாறும்: 'எலும்பு' எழுத்தின் உள்ளே ஒரு சிறிய மூலை சீனாவில் இடப்பக்கம் திரும்பும், தைவானில் வலப்பக்கம். பழைய இயந்திரக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலிருந்து எடுத்த பதிவுக் கோப்பு குப்பையாகத் திறந்தால் பதற வேண்டாம். சீனாவில் 1980இல் வந்த ஜிபி-2312 குறியீட்டில் 6,763 எழுத்துகள். தைவானில் 1984இல் வந்த பிக்-5 குறியீட்டில் 13,000க்கு மேல். ஒன்றில் எழுதியதை மற்றதில் திறந்தால் அப்படித்தான் தெரியும். திறக்கும்போது சரியான குறியீட்டைத் தேர்ந்தெடுத்து, யூனிகோடில் சேமித்துவிடுங்கள்.

தட்டச்சு பற்றி நிறையப் பேர் வீணாகக் கவலைப்படுகிறார்கள். தைவான் பிள்ளைகள் பள்ளியில் 37 குறிகள் கொண்ட ஜூயின் முறையைக் கற்கிறார்கள். அங்குள்ள விசைப்பலகைகளில் அந்தக் குறிகள் அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்து மிரள வேண்டாம். சீன ஒலியை ஆங்கில எழுத்தில் எழுதும் பின்யின் முறை தெரிந்தவர் பின்யினிலேயே அடித்து மரபு எழுத்தை வரவழைக்கலாம். கைப்பேசியிலும் கணினியிலும் அதற்கு அமைப்பு உண்டு. இப்படி அடிக்கும்போது 'ஃபா' என்று போட்டால் முடியும் வெளியீடும் தனித்தனியாக வரிசையில் வந்து நிற்கும்; தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்தே வித்தியாசம் மனத்தில் பதிந்துவிடும். எனக்கு எந்தப் பயிற்சி நூலும் இந்த அளவு உதவவில்லை.

கையால் எழுதுவதற்கு ஒன்று போதும். இரண்டையும் படிக்கத் தெரிய வேண்டும். இரண்டையும் எழுத வேண்டியதில்லை. அதோடு ஷின்சூவில் ஒரு வியப்பு காத்திருந்தது. அச்சிட்ட ஆவணம் முழுக்க மரபு. இரவு நேரப் பணியாளர் கையால் எழுதிவைக்கும் பதிவேட்டைத் திறந்தால் 'உடம்பு', 'புள்ளி' போன்றவை எளிய எழுத்திலேயே இருந்தன. 'தைவான்' என்ற பெயரின் முதல் எழுத்தையே அரசாங்கக் காகிதத்துக்கு வெளியே பெரும்பாலோர் ஐந்து கோட்டுக் குறுக்கத்தில்தான் எழுதுகிறார்கள். அவசரத்துக்கு எல்லைக்கோடு கிடையாது. மறுபக்கம், சீனாவிலும் மரபு எழுத்து ஒழிந்துவிடவில்லை. 2001இல் நடைமுறைக்கு வந்த மொழிச் சட்டம் கையெழுத்துக் கலைக்கும் தொல்பொருளுக்கும் வேறு சிலவற்றுக்கும் அதை அனுமதிக்கிறது. பாங்க் ஆஃப் சைனாவின் பெயர்ப் பலகை எழுத்தாளர் குவோ மோருவோவின் கையெழுத்தில் மரபு எழுத்தாகவே எல்லா ஊரிலும் தொங்குகிறது. ஹாங்காங், தைவான் பாட்டுகளின் வரிகளைத் திரையில் பார்த்துப் பாடி வளர்ந்த சுசோ நண்பர்கள், மரபு எழுத்தைப் பள்ளியில் படிக்காமலேயே சரளமாகப் படித்தார்கள். எழுதச் சொன்னால் கையை விரித்துவிடுவார்கள். படிக்கப் பழகுவதற்கு வரி ஓடும் திரை நல்ல வாத்தியார். தைவான் தொலைக்காட்சியில் பெரும்பாலான நிகழ்ச்சிகளுக்கு அடியில் எழுத்து ஓடிக்கொண்டே இருக்கும்.

'அன்பு' எழுத்திலிருந்து 'இதயத்தை' எடுத்துவிட்டார்களே என்ற பழைய புலம்பலை இரண்டு கரையிலும் கேட்பீர்கள். விருந்தில் யாராவது தொடங்கினால் தேநீரை ஊற்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருங்கள். வெளியாளாகிய நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டிய வழக்கு அல்ல. ஆனால் தைவானில் இருப்பவருக்கு எழுதும்போது மரபிலும், சீனாவில் இருப்பவருக்கு எளியதிலும் எழுதுங்கள். எதிர்மாறாக அனுப்பினாலும் படித்துவிடுவார்கள். இருந்தாலும் தன் எழுத்தில் வந்த கடிதத்துக்குப் பதில் சற்று முன்னதாகவே வருகிறது.

சரி, எதைப் படிப்பது? இன்று பெரும்பாலும் தட்டச்சுதான், கையால் எழுதுவது குறைவு. ஆகவே கோடுகளின் எண்ணிக்கையை வைத்து முடிவெடுக்காதீர்கள். யாருடைய காகிதத்தை நீங்கள் படிக்கப் போகிறீர்கள் என்பதை வைத்து முடிவெடுங்கள். ஷின்சூவுக்கோ தைப்பேவுக்கோ படிக்கவோ வேலைக்கோ போகிறவர் நேராக மரபில் தொடங்கலாம். அங்கிருந்து எளியதற்கு இறங்குவது சில மாத வேலை. தமிழ்நாட்டிலேயே இருந்து இயந்திரக் கையேடும் பாகப் பட்டியலும் படிக்க வேண்டியவருக்குப் பாடநூலும் ஆசிரியரும் எளிய எழுத்துக்கே அதிகம் கிடைக்கும். சீனாவின் மொழித் தேர்வான ஹெச்எஸ்கேயும் அதில்தான். தைவானின் டிஓசிஎஃப்எல் தேர்வை இரண்டில் எந்த எழுத்திலும் எழுதலாம் என்பதால், தேர்வுக்காகவும் அஞ்ச வேண்டாம். எளியதில் தொடங்குபவருக்கு ஒரே ஒரு நிபந்தனை போடுவேன். 'கான்', 'ஃபா', 'மியென்', 'ஹோ', 'லி' போன்ற சேர்ந்துபோன எழுத்துகளைப் படிக்கும் அன்றைக்கே, அவற்றுக்குப் பின்னால் இருக்கும் மரபு எழுத்துகளையும் ஓரத்தில் எழுதி வையுங்கள். பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், உங்கள் ஊர்த் தொழிற்சாலையிலும் ஒரு உலர்த்தும் அடுப்பு வந்து இறங்கும். பட்டையை உரிக்க அங்கே ஆள் இருக்க மாட்டார்.